வாத்தியார் பதில்கள்: கலயத்துக்குள் என்ன நடக்கிறது?

கேள்வி: போன இதழில் “சாப்பிட்ட சோறு உடம்பில் எரிகிறது” என்று எழுதியிருந்தீர்கள். எரிகிறது என்றால் தீ வேண்டாமா? உடம்புச் சூடு 37 டிகிரிதானே?
– ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர், தஞ்சாவூர்

பதில்: சரியான இடத்தில் பிடித்துவிட்டீர்கள். ‘எரிகிறது’ என்று எழுதியது என் சோம்பேறித்தனம். ஒரு கரண்டி குளுக்கோஸைத் தீயில் போட்டாலும் மிஞ்சுவது கரியமில வாயுவும் தண்ணீரும்தான். உடம்புக்குள் போனாலும் அதேதான். வரவு செலவு ஒன்று, வழி வேறு. தீ ஒரே மூச்சில் கொட்டிவிடுகிற ஆற்றலை உடம்பு இருபதுக்கும் மேற்பட்ட படிகளில் சில்லறையாக மாற்றிக்கொள்கிறது. சில படிகளில் குளுக்கோஸின் துண்டுகளிலிருந்து ஹைட்ரஜன் பிடுங்கப்படும். பறிகொடுப்பது ஆக்சிஜனேற்றம், வாங்கிக்கொள்வது ஒடுக்கம். அப்படிக் கை மாறிக் கை மாறி, கடைசியில் ஆக்சிஜனிடம் சேர்ந்து தண்ணீராகிறது. ஆகவே நீங்கள் இழுக்கும் மூச்சிலுள்ள ஆக்சிஜன் தண்ணீராகத்தான் முடிகிறது. வெளியே விடும் கரியமில வாயுவில் இருக்கும் ஆக்சிஜன், சோற்றிலிருந்தும் உடம்பின் தண்ணீரிலிருந்தும் வந்தது. இதை நான் பல வருடம் தலைகீழாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். என் பழைய மாணவர்கள் மன்னிக்க வேண்டும்.

அந்தச் சில்லறைக்குப் பெயர் ஏ.டி.பி., ஆற்றலைச் சுமக்கும் ஒரு மூலக்கூறு. ஒரே நாளில் நம் எடை அளவுக்கு அது உடைந்து, மறுபடி உருவாகிக்கொண்டே இருக்கிறது. 1929-ல் அதைக் கண்டறிந்தவர்களில் ஒருவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் உடுத்தி ஒரு பேராசிரியரின் கோபத்தைச் சம்பாதித்து, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல், அதைவிடக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியே வந்து, பிறகு அமெரிக்காவின் ஹார்வர்டில் ஃபிஸ்க் என்பவரோடு சேர்ந்து இந்த வேலையைச் செய்தார். அதே ஆண்டில் ஜெர்மனியில் லோமன் என்பவரும் தனியாகக் கண்டறிந்தார்.

கேள்வி: அதே பனை, அதே பாளை. சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். சுண்ணாம்பு அப்படி என்னதான் செய்கிறது?
– ஒரு வாசகர், சாயர்புரம்

பதில்: உங்கள் கேள்வியைப் படித்ததும் நாக்கில் ஊறியது. நானும் அந்தப் பக்கம்தான், எங்களுக்கு அது பதனி. எங்கள் தெருவில் இருந்த பனையேறி அண்ணாச்சி காலையில் கலயத்தை இறக்கியதும் விரலை விட்டு நக்கிப் பார்ப்பார். “சுண்ணாம்பு பத்தலைன்னா புளிச்சிரும், கூடிப்போச்சுன்னா நாக்கு வெந்திரும்” என்பார். அவர் விரல்தான் எங்கள் ஊரில் புளிப்பை அளக்கும் பி.எச். மீட்டர்.

பாளையிலிருந்து சொட்டுவது வெறும் சர்க்கரைத் தண்ணீர், பெரும்பாலும் சுக்ரோஸ். நாம் காபியில் போடும் அதே சர்க்கரை. காற்றிலும் பாளையிலும், சரியாகக் கழுவாத கலயத்தின் உட்புறத்திலும் ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் காத்திருக்கிறது. சொட்டு விழுந்ததும் முதல் வேலையாக இன்வர்டேஸ் என்ற நொதியால் (நொதி என்றால் வினையை வேகப்படுத்தும் புரதம்) சுக்ரோஸைக் குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் என இரண்டாக வெட்டுகிறது. வெட்டுகிற இடத்தில் ஒரு தண்ணீர் மூலக்கூறு நுழைந்துகொள்கிறது. அதனால் இதை நீராற்பகுப்பு என்கிறோம். நீங்கள் வாயில் சோற்றை மெல்லும்போது உமிழ்நீர் செய்வதும் இதே வகைதான்.

பிறகு அந்தக் குளுக்கோஸ் பத்துப் படி இறங்கி, மூன்று கார்பன் உள்ள பைருவேட் ஆகிறது. பைருவேட்டிலிருந்து ஒரு கார்பன் கரியமில வாயுவாகக் கழன்று போகிறது. கலயத்தில் நுரை பொங்குவது அதனால்தான். மிச்சம் இருப்பது அசிட்டால்டிஹைடு. அது ஹைட்ரஜனை வாங்கிக்கொண்டு ஆல்கஹால் ஆகிறது, அதாவது ஒடுக்கம். அந்த ஹைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்கிறீர்களா? முன்னே குளுக்கோஸிடமிருந்து பிடுங்கியதுதான். தஞ்சாவூர்க்காரருக்குச் சொன்ன அதே கைமாற்று, இங்கே ஆக்சிஜன் இல்லாமலே முடிந்துவிடுகிறது. அதனால்தான் ஈஸ்டுக்குக் கிடைக்கும் ஆற்றலும் சொற்பம். மிச்ச ஆற்றல் ஆல்கஹாலிலேயே தங்கிவிடுகிறது. அதை யார் குடிக்கிறார்கள் என்பது வேறு பிரச்சினை.

கள்ளை அப்படியே திறந்து வைத்தால் இன்னொரு கூட்டம் வரும். அசிட்டோபாக்டர் என்ற பாக்டீரியா காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்து ஆல்கஹாலை அசிட்டிக் அமிலமாக்கும். அதாவது காடி. ஒரே கலயத்தில் வெட்டல், கழற்றல், ஒடுக்கம், ஆக்சிஜனேற்றம் எல்லாம் வரிசையாக நடந்துவிடுகிறது. எனக்கு இது தெரிந்திருந்தால் ‘உயிர்வேதி வினைகளின் வகைகள்’ பாடத்துக்குக் கரும்பலகையே தேவைப்பட்டிருக்காது. (கள்ளை வகுப்புக்குக் கொண்டுபோயிருந்தால் வேலையும் இருந்திருக்காது.)

இப்போது சுண்ணாம்பு. ஈஸ்டுக்குக் கொஞ்சம் புளிப்பான இடம்தான் பிடிக்கும். சுண்ணாம்பு கலயத்தைப் புளிப்புக்கு எதிரான காரத்தன்மைக்கு மாற்றிவிடுகிறது, ஈஸ்ட் முடங்கிவிடுகிறது. சுக்ரோஸ் வெட்டுப்படாமல் முழுசாக இருக்கிறது. கருப்பட்டி காய்ச்சுகிறவர்களுக்கு இது உயிர்நாடி. பாதி வெட்டுப்பட்ட பதனியைக் காய்ச்சினால் பாகு சிரட்டையில் இறுகாமல் பிசுபிசுவென்று நிற்கும்.

ஒரு உபரித் தகவல். நொதிக்க உயிருள்ள ஈஸ்ட் கட்டாயம் வேண்டும் என்றுதான் ரொம்ப நாள் நம்பினார்கள். 1897-ல் எடுவார்ட் புக்னர் ஈஸ்டை மணலோடு சேர்த்து அரைத்து, பிழிந்த சாறு கெடாமலிருக்கச் சர்க்கரை போட்டு வைத்தார். சாறு குமிழி விட ஆரம்பித்தது! உயிருள்ள செல் ஒன்றுகூட இல்லாமல் நொதித்தல் நடந்தது. 1907-ல் நோபல் பரிசு கிடைத்தது.

கேள்வி: நொதிகள் ஆறு வகை என்கிறது புத்தகம். டியூஷன் அண்ணா ஏழு என்கிறார். எது சரி? எப்படி ஞாபகம் வைத்துக்கொள்வது?
– பிளஸ் ஒன் மாணவி, விருத்தாசலம்

பதில்: அண்ணா சொல்வது சரி. 1961-ல் ஆறு வகையாகப் பிரித்தார்கள், 2018-ல் ஏழாவதாக டிரான்ஸ்லோகேஸ் சேர்ந்தது. பரீட்சையில் மட்டும் புத்தகத்தில் உள்ளபடி எழுதும்மா, மார்க்கோடு சண்டை போடாதே.

ஞாபகம் வைக்க, மேலே சொன்ன கலயத்தையே எடுத்துக்கொள். சுக்ரோஸை வெட்டியது ஹைட்ரோலேஸ். கரியமில வாயுவைக் கழற்றியது லையேஸ். ஆல்கஹால் ஆக்கியது ஆக்சிடோரிடக்டேஸ். குளுக்கோஸின் முதுகில் பாஸ்பேட்டை ஏற்றுவது டிரான்ஸ்ஃபரேஸ். அந்தக் குளுக்கோஸை ஃப்ரக்டோஸ் உருவத்துக்குத் திருப்புவது ஐசோமரேஸ். ஈஸ்ட் தனக்குள் சேரும் அமிலத்தை வெளியே தள்ளுகிற புரதம் டிரான்ஸ்லோகேஸ். கள் ஆகிற பாதையில் வராதது லைகேஸ் ஒன்றுதான். இரண்டு மூலக்கூறுகளை ஏ.டி.பி. செலவில் ஒட்டவைப்பது அதன் வேலை. வராதது எது என்று ஞாபகம் இருந்தாலே பாதி ஜெயித்தாய்.

கேள்வி: புண்ணில் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றினால் ஏன் பொங்குகிறது? கிருமி சாகிற நுரையா?
– ஆட்டோ ஓட்டுநர், திண்டுக்கல்

பதில்: பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். நுரை முழுக்க ஆக்சிஜன். நம் ரத்தத்திலும் சதையிலும் கேட்டலேஸ் என்ற நொதி இருக்கிறது. அது பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைக்கிறது. உடம்புக்குள்ளேயே தினமும் கொஞ்சம் பெராக்சைடு உண்டாவதால், அதைத் தீர்த்துக்கட்ட வைத்திருக்கிற காவல்காரன் இது. ஒரு கேட்டலேஸ் மூலக்கூறு ஒரு நொடியில் லட்சக்கணக்கில் உடைத்துத் தள்ளும். மருந்து கிருமியையும் தாக்கும், புதிதாக வளரும் சதையையும் தாக்கும். அதனால் தினமும் ஊற்றாதீர்கள்.

நம்பிக்கை இல்லையென்றால், இதே நொதி உள்ள உருளைக்கிழங்கை வெட்டி ஒரு சொட்டு விடுங்கள், பொங்கும். வேகவைத்த கிழங்கில் விடுங்கள், சும்மா கிடக்கும். சூட்டில் நொதியின் வடிவம் குலைந்துபோயிருக்கும். இதை ஒரு வகுப்பில் செய்து காட்டப் போய் மானம் போனது எனக்கு. பச்சைக் கிழங்கில் சொட்டு விட்டேன், ஒன்றுமே நடக்கவில்லை. இன்னொரு சொட்டு. அப்போதும் இல்லை. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: “சார், கிழங்கு செத்துப்போச்சு.” வகுப்பே சிரித்தது. அப்புறம்தான் பார்த்தேன், குப்பியை யாரோ வெயில் படும் ஜன்னல் ஓரத்தில் மாதக்கணக்கில் வைத்திருக்கிறார்கள். கேட்டலேஸ் நொடியில் செய்வதைக் குப்பிக்குள் பெராக்சைடு தானாகவே, யாரும் கேட்காமல், மெதுவாகச் செய்து முடித்திருந்தது. நான் சொட்டுவிட்டது அநேகமாகத் தண்ணீர். நொதி புதிதாக ஒரு வினையை உண்டாக்குவதில்லை, நடக்கக்கூடியதை வேகப்படுத்துகிறது என்று அன்று நான் சொன்னபோது, கடைசி பெஞ்சும் கேட்டது.

கேள்வி: எனக்கு 58 வயது. பால் குடித்தால் வயிறு உப்புகிறது, தயிர் ஒன்றும் செய்வதில்லை. இரண்டும் ஒரே மாட்டின் பால்தானே?
– இல்லத்தரசி, பட்டுக்கோட்டை

பதில்: மாடு ஒன்றுதான் அம்மா, வேலை செய்த ஆள் வேறு. பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரையை வெட்ட லாக்டேஸ் வேண்டும். குழந்தைப் பருவம் தாண்டியதும் நம்மில் நிறையப் பேருக்கு அது குறைந்துவிடுகிறது. வெட்டுப்படாத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போனதும் அங்கிருக்கும் பாக்டீரியாக்கள் நொதிக்க வைக்கின்றன, உப்புசம் அதனால்தான். தயிரில், உறை ஊற்றிய நேரத்திலிருந்தே பாக்டீரியா லாக்டோஸில் ஒரு பங்கை வெட்டி லாக்டிக் அமிலமாக்கிவிடுகிறது. மிச்சத்தை வெட்டவும் அதன் நொதி உங்கள் குடலில் கைகொடுக்கிறது. காபியில் கலக்கும் கால் டம்ளர் பால் பெரும்பாலும் தொந்தரவு செய்யாது. ராத்திரி படுக்கும் முன் குடிக்கிற முழு டம்ளரை மட்டும் ஒரு வாரம் நிறுத்திப் பார்த்து எழுதுங்கள்.