வேலூர்ல கம்பி கட்டுறவருக்கு நாளுக்கு ஆயிரம் ரூபா கூலின்னா குடும்பம் நடத்தப் போதுமா?

ஆயிரத்த முப்பதால பெருக்கிடாதீங்க, அங்கதான் எல்லாரும் ஏமாறுறாங்க. சென்ட்ரிங், அதாவது கான்கிரீட் ஊத்துறதுக்குப் பலகையும் முட்டும் அடிக்கிற வேலை, முடிஞ்சாதான் கம்பிக்காரருக்கு வேலை, கான்கிரீட் போட்டுட்டா அடுத்த தளம் வர்ற வரைக்கும் சும்மாதான், ஐப்பசி கார்த்திகை மழை வேற. மாசத்துல 20 நாள் கிடைச்சா 20,000, அதுல பஸ், டீ, சாப்பாடுன்னு நாளுக்கு 150 போனா கையில 17,000.

கிலோ கணக்குல காண்ட்ராக்ட் பேசுறவங்க ஒன்னு கவனிங்க. 12 எம்எம் கம்பி மீட்டருக்கு 0.89 கிலோ, 8 எம்எம் 0.395 கிலோதான், அதாவது அதே ஒரு டன்னுக்கு ரெண்டு மடங்குக்கு மேல நீளம் வெட்டணும், கம்பிகளச் சுத்திப் போடுற ரிங் வளைக்கணும், முடிச்சு போடணும். ரெண்டுக்கும் ஒரே ரேட்டுன்னா ஒத்துக்காதீங்க, அது உங்க உழைப்ப அப்படியே விட்டுக்கொடுக்குறது.

செலவுல பெருசு வாடகைதான். சிஎம்சி ஆஸ்பத்திரி சுத்தி தோட்டப்பாளையம் பக்கமெல்லாம் வெளிமாநில நோயாளிங்க தங்குறதால ரூம் வாடகை நம்மள மாதிரி ஆளுங்களுக்குக் கட்டுப்படியாகாது, அதான் நிறைய பேர் கணியம்பாடி, அணைக்கட்டு பக்கத்துலேர்ந்து வந்து போறாங்க. சொந்த வீடு, ரேஷன் அரிசி, வீட்டம்மாவுக்கு உரிமைத்தொகை 1,000 இருந்தா ஓட்டிடலாம், வாடகையும் தனியார் ஸ்கூல் ஃபீஸும் சேர்ந்தா ஒருத்தர் சம்பளம் பத்தாது.

கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்துல பதிஞ்சிருக்கீங்களா? இல்லன்னா உடனே பதிங்க, விபத்து உதவி, பசங்க படிப்பு உதவி, 60 வயசுக்கு மேல பென்ஷன் எல்லாம் அதுலதான் வரும், கார்ட புதுப்பிக்கவும் மறக்காதீங்க.