இன்று ஒரு கல்லூரியின் விளையாட்டுத் துறையை நடத்துவதில் எது பெரிய சிரமம்?

யாழ்ப்பாணத்தில் கல்லூரி என்றால் பெரும்பாலும் பள்ளிக்கூடம்தான். அப்படி ஒரு கல்லூரியில் 11 வருடம் விளையாட்டுப் பொறுப்பாசிரியராக இருந்தேன். அதை வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இதே கேள்விக்கு இன்று வேறு பதில் வரும். 2021 ஜூலையிலிருந்து அங்கே மாணவ வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட ஓர் இணக்கத்துக்குப் பிறகு பல்கலைக்கழகமே அவர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம். முதல் வருடத்தில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஏறத்தாழ 2 கோடி டொலர்வரை. அதை எந்த விளையாட்டுக்கு எவ்வளவு என்று பிரிப்பது அங்கே பெரிய தலையிடி.

எங்கள் தலையிடியும் அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. கேட்டால் பணம் வரும், கேட்டதற்கு வராது.

ரொறன்ரோ, லண்டன், சிட்னி என்று பழைய மாணவர்கள் எங்கும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கல்லூரி ஞாபகம் என்றால் பெரிய போட்டி. யாழ் மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸ் கல்லூரியும் 1904 முதல் ஆடிவரும் 'வடக்கின் போர்' துடுப்பாட்டப் (கிரிக்கெட்) போட்டி நடக்கிற நாட்களில் ஊரைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். அதனால் துடுப்பாட்ட அணிக்கு உடுப்பு வரும், தொப்பி வரும், கோப்பை வைக்கக் கண்ணாடி அலுமாரி வரும். நான் அவர்களைக் குறை சொல்லவில்லை, அந்த அன்பு உண்மையானது. ஆனால் காலைப் பயிற்சிக்கு வரும் 40 பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு அவித்த முட்டையும் ஒரு பிடி ஊறவைத்த கடலையும் வேண்டும் என்று கேட்டு எழுதியபோது இரண்டு வருடம் பதில் வரவில்லை.

அதை ஏன் கேட்டேன் என்றால், 1500 மீற்றர் ஓடும் ஒரு பெடியன் மூன்றாவது சுற்றில் எப்போதும் விழுந்துவிடுவான். ஓட்ட நுட்பம் பிழை என்று நினைத்து மூன்று மாதம் அவனைத் திருத்தினேன். தகப்பன் கடலுக்குப் போகிறவர். காலையில் பிளேன்ரீ மட்டும் குடித்துவிட்டு 7 கிலோமீற்றர் சைக்கிள் மிதித்து வருகிறான் என்பது பிறகுதான் தெரிந்தது.

"அந்தக் காலத்தில் என்ன வசதி இருந்தது? எதிர்வீரசிங்கம் பாயவில்லையா?" என்று கூட்டங்களில் கேட்பார்கள். பாய்ந்தார்தான். மத்திய கல்லூரியில் படித்தவர், 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து இலங்கைக்கு முதலாவது ஆசியத் தங்கத்தைக் கொண்டுவந்தவர். ஆனால் அவர் கலிபோர்னியாவில் யூசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் படித்து அந்த அணிக்காகவும் பாய்ந்தவர் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. திறமைக்குப் பின்னால் அவருக்கு ஒரு முழு விளையாட்டுத் துறை இருந்தது.

கருவிகளின் விலை தனிக்கதை. தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரியின் அனித்தா ஜெகதீஸ்வரன் கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனை படைத்த பிறகு எங்கள் பிள்ளைகளும் பாய ஆசைப்பட்டார்கள். கோல் பாய்கிறவரின் நிறைக்கு ஏற்றதாக இருக்கவேண்டும். பிள்ளை வளர்ந்து 8 கிலோ கூடினால் போன வருடக் கோல் அளவுக்கு மீறி வளையும், முறியவும் கூடும். அதாவது ஒரு கோல் வாங்கினால் போதாது. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்குப் போனபோது எங்கள் பட்டியலில் முதலில் வெட்டுப்பட்டது அதுதான்.

அடுத்தது நேரம். ரியூசனைப் பற்றி நான் பேசத் தொடங்கினால் நிறுத்தமாட்டேன். வலயத்தில் வென்று மாகாணத்துக்குப் போன பிள்ளை பத்தாம் வகுப்பு வந்ததும் காணாமல் போய்விடும். பின்னேரம் நாலு மணிக்கு மைதானம், அதே நாலு மணிக்குக் கணித வகுப்பு. விளையாட்டு போன்ற துறைகளில் சிறந்தவர்களுக்கு ஒவ்வொரு பாடநெறியிலும் 0.5 வீதம்வரை பல்கலைக்கழக இடம் ஒதுக்கலாம் என்ற விதியை அச்செடுத்துப் பெற்றோரிடம் காட்டினேன். "முதலில் சோதனை பாஸ் பண்ணவேணும்தானே, சேர்?" என்பார்கள். அதுவும் சரி. கடைசியில் நானே ரியூசன் ஆசிரியர்களிடம் போய்க் கேட்டேன். இரண்டு பேர் என் பிள்ளைகளை வேறு நாள் வகுப்பில் இருக்கவிட்டார்கள். எந்தச் சுற்றறிக்கையும் செய்யாத உதவி அது.

பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. இருட்டுமுன் வீடு போகவேண்டும், பயிற்சியில் ஓர் ஆசிரியை நிற்கவேண்டும். இதில் ஒன்று தவறினாலும் அடுத்த நாள் பாதிப் பேர் வரமாட்டார்கள். பெற்றோரின் பயம் நியாயமானது, அதற்கேற்ப அட்டவணை போடுவது நம் வேலை.

என்னை இன்றும் உறுத்துவது ஒன்று. மாகாணப் போட்டிக்கு நாலு நாள் முன்பு ஒருவனுக்குத் தொடையின் பின்தசை பிடித்துக்கொண்டது. பார்க்க எங்களிடம் இயன்மருத்துவர் இல்லை. எண்ணெய் தடவி, துணி சுற்றி, ஓடு என்றேன். தசை கிழிந்தது. அந்த வருடமும் அடுத்த வருடமும் அவனுக்குப் போய்விட்டன. அதன்பிறகு நோவு என்று சொன்ன பிள்ளையை நான் ஓடவிட்டதில்லை, அதிபர் கேட்டாலும் சரி.

முட்டை எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். பழைய மாணவர் சங்கத்துக்கு எழுதுவதை விட்டுவிட்டு, ஒரே வருடத்தில் உயர்தரம் படித்த ஒரு பட்ச்சின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பிள்ளையின் ஒரு மாதச் செலவை மட்டும் போட்டேன். மாத முடிவில் செலவுக் கொப்பியின் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினேன். கோப்பையும் இல்லை, பொன்னாடையும் இல்லை. ஆறு மாதத்தில் 40 பிள்ளைகளுக்கும் ஆள் கிடைத்தது. மாற்றலாகிப் போனபோது புதிய பொறுப்பாசிரியரிடம் மைதானச் சாவிக்கு முன்பே அந்தக் கொப்பியைத்தான் கொடுத்தேன்.