கணுக்கால் திரும்பத் திரும்பப் பிசகுகிறதா? அக்குபஞ்சர் ஊசி போடலாம், அதோடு நிறுத்தாதீர்கள்

கேள்வி: வயது 26. வியாசர்பாடியில் இருக்கிறேன். துறைமுகம் பக்கம் கன்டெய்னர் யார்டில் வேலை, நாள் முழுக்க நிற்க வேண்டும். ஞாயிறு தவறாமல் கால்பந்து ஆடுவேன். ஒரே வருஷத்தில் வலது கணுக்கால் மூன்று தடவை பிசகிவிட்டது. கடைசியாகப் பிசகி ஐந்து வாரம் ஆகிறது. எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. வீக்கம் வடிந்துவிட்டது. ஆனால் படி இறங்கும்போது வெளிப்பக்கம் வலிக்கிறது. "பத்து சிட்டிங் அக்குபஞ்சர் போடு, சரியாயிடும்" என்கிறார் டீமில் ஒரு அண்ணன். பிசியோவிடம் போனால் வெறும் எக்சர்சைஸ்தான் சொல்வார்களாம். இரண்டு மாதத்தில் டோர்னமென்ட். என்ன செய்யட்டும்?

பதில்: எக்சர்சைஸ் செய்யுங்கள். ஊசி போட ஆசை இருந்தால் அதையும் கூடவே போட்டுக்கொள்ளுங்கள். ஊசியை மட்டும் நம்பி மைதானத்துக்குப் போனால் நான்காவது தடவையும் பிசகும் என்றே நினைக்கிறேன்.

பாதம் உள்பக்கமாக மடங்கும்போது கணுக்காலின் வெளிப்பக்கம் இருக்கும் லிகமென்ட் என்ற நார்தான் இழுபட்டு நைகிறது. அது இரண்டு எலும்புகளைச் சேர்த்துப் பிடிப்பதோடு நிற்பதில்லை. பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சேதி அனுப்பும் நரம்பு நுனிகளும் அதில் உண்டு. நார் நைந்ததும் அந்தச் சேதி மந்தமாகிறது. காலின் வெளிப்பக்கத் தசைகள் பாதத்தைப் பிடித்து நிறுத்த வேண்டிய நேரத்தில் சற்றுத் தாமதிக்கின்றன. வலி சில வாரத்தில் போய்விடும், இந்தத் தாமதம் தானாகப் போகாது. வலி போனதும் ஆடப் போகிறீர்கள், குண்டும் குழியுமான தரையில் ஒரு திருப்பம், மறுபடி மடங்குகிறது. உங்களுக்கு மூன்று முறையும் இதுதான் நடந்திருக்கும்.

அக்குபஞ்சர் இந்தத் தாமதத்தைச் சரிசெய்யும் என்பதற்கு நம்பகமான சான்று கிடையாது. அது செய்வது வேறு: மெல்லிய ஊசி நரம்புகளைத் தூண்டுகிறது, உடலே சுரக்கும் வலி தணிக்கும் பொருட்கள் வெளிப்படுகின்றன, சிலருக்கு இறுக்கம் தளர்ந்து நடை எளிதாகிறது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு, புதிய கணுக்கால் சுளுக்குக்கு அக்குபஞ்சர் பற்றி வந்த 20 ஆய்வுகளை 2014-இல் அலசியது. ஆய்வுகளின் தரம் போதாததால் உறுதியான முடிவுக்கு வர முடியவில்லை. எனவே "பத்து சிட்டிங்கில் குணம்" என்று யாராவது கணக்குச் சொன்னால் நம்பாதீர்கள். வலி குறைந்திருக்கும் அந்த நேரத்தில் பயிற்சி செய்ய முடிகிறது என்பதுதான் ஊசியின் உண்மையான லாபம். ஊசி போட்ட அன்றே மேட்ச் ஆட மட்டும் போகாதீர்கள், வலி தரும் எச்சரிக்கை அன்று உங்களுக்குக் கேட்காது.

போடுவதென்றால் படித்தவரிடம் போடுங்கள். யோகா, இயற்கை மருத்துவத்தில் ஐந்தரை ஆண்டு பட்டம் படித்தவர்களின் பாடத்தில் அக்குபஞ்சரும் உண்டு. அரும்பாக்கத்தில் அதற்கென்றே அரசுக் கல்லூரியும் மருத்துவமனையும் இருக்கின்றன. சீல் பிரிக்காத, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசியா என்று கண்ணால் பாருங்கள். சர்க்கரை நோயோ, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரையோ இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பயிற்சிக்கு இருக்கும் சான்று இதைவிட வலுவானது. நெதர்லாந்தில், அண்மையில் கணுக்கால் பிசகிய 522 விளையாட்டு வீரர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சையோடு, வீட்டிலேயே 8 வாரம் செய்யும் சமநிலைப் பயிற்சியும் தரப்பட்டது. ஓராண்டுக்குள் மறுபடி பிசகியவர்கள் அந்தப் பிரிவில் 22 சதவீதம், மற்றதில் 33 சதவீதம். 2009-இல் வெளியான ஆய்வு இது. உங்கள் கையில் இருப்பதும் எட்டு வாரம்தான்.

முதலில் சுவரைப் பார்த்து நில்லுங்கள். குதிகால் தரையை விட்டு எழாமல் முழங்காலால் சுவரைத் தொட முடிகிற அதிகபட்ச தூரத்தில் பெருவிரலை வையுங்கள். இரண்டு காலுக்கும் அளந்து பாருங்கள். வலது கால் ஓரிரு செ.மீ. பின்தங்கினால் அதையே தினமும் பயிற்சியாகச் செய்யலாம். பிறகு படி விளிம்பில் நின்று குதிகாலை மெதுவாகத் தூக்கி, அதைவிட மெதுவாக இறக்குங்கள், 15 வீதம் மூன்று சுற்று. இரண்டு காலில் தொடங்கி ஒற்றைக் காலுக்கு வாருங்கள். பழைய சைக்கிள் டியூபைக் கீற்றாக வெட்டிக் கட்டில் காலில் கட்டி, மறுமுனையைப் பாதத்தில் மாட்டி, பாதத்தை வெளிப்பக்கம் இழுங்கள். பாதம் மட்டும் நகர வேண்டும், முழங்கால் திரும்பக்கூடாது. பலரும் இங்கேதான் ஏமாற்றுவார்கள்!

எல்லாவற்றையும் விட முக்கியம் ஒற்றைக் காலில் நிற்பது. வெறுங்காலோடு, பல் தேய்க்கும்போதே செய்யலாம். 30 விநாடி ஆடாமல் நின்றால் அடுத்து கண்ணை மூடி நில்லுங்கள். அதுவும் வந்துவிட்டால் வலது காலில் நின்றபடி இடது காலால் பந்தைச் சுவரில் தட்டி வாங்குங்கள். செய்யும்போது வலி பத்துக்கு மூன்றைத் தாண்டாமல், மறுநாள் காலைக்குள் தணிந்துவிட்டால் பயமில்லை. தணியவில்லையென்றால் அதைவிட எளிதான முந்தைய பயிற்சியைச் செய்யுங்கள், நிறுத்த வேண்டியதில்லை.

வலது காலில் மட்டும் 20 முறைக்கு மேல் குதிகால் தூக்க வந்து, ஒற்றைக் கால் தாவலில் இடது காலின் தூரத்தில் 90 சதவீதமாவது எட்டிய பிறகுதான் ஆட்டம். இந்த சீசன் முழுக்கக் கயிற்றால் இறுக்கும் கணுக்கால் பிரேஸ் (தாங்கிப் பிடிக்கும் உறை) போட்டு ஆடுங்கள். அது மறுபடி பிசகுவதைக் குறைக்கிறது.

இனி ஒரு தடவை பிசகினால், முதல் இரண்டு மூன்று நாள் யாரிடமும் எண்ணெய் போட்டு உருவிச் சுளுக்கெடுக்கக் கொடுக்காதீர்கள். வீங்கிய இடத்தைத் தேய்த்தால் ரத்தக்கசிவு கூடும். நான்கு எட்டு நடக்க முடியாவிட்டால், அல்லது கணுக்காலின் இரு பக்கமும் புடைத்த எலும்பின் பின்விளிம்பையோ சுண்டுவிரல் பக்கம் பாதத்தின் நடுவே துருத்தும் எலும்பையோ அழுத்தும்போது வலித்தால், கட்டுப் போடப் போவதற்கு முன் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குப் போய் எக்ஸ்ரே எடுங்கள்.

உங்கள் இப்போதைய வலியிலும் ஒன்றைக் கவனியுங்கள். மூட்டுக்குள் ஆழத்தில் வலித்தாலோ, நடக்கும்போது எதோ சிக்கிக்கொள்வது போல் இருந்தாலோ, ஆறு வாரப் பயிற்சிக்குப் பிறகும் வீக்கம் வந்து போனாலோ, குருத்தெலும்பில் அடி இருக்கலாம். எக்ஸ்ரே அதைக் காட்டாமல் விடுவதுண்டு. எலும்பு மருத்துவரிடம் காட்டி எம்.ஆர்.ஐ. தேவையா என்று கேளுங்கள்.