வாசகர் கேள்வி – பதில்: தீ வருவதற்கு முன்னால் ஃபயர் டிஸ்ட்ரிக்ட் என்ன செய்கிறது?

கலிஃபோர்னியாவில் வசிக்கும் வாசகர்கள் காட்டுத்தீ, நிலநடுக்கம், சேற்றுவெள்ளம் ஆகியவற்றுக்கான முன்னேற்பாடு பற்றி அனுப்பிய கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் ஊர் நகராட்சிக்குத் தனியாகத் தீயணைப்புத் துறை கிடையாது. 'ஃபயர் டிஸ்ட்ரிக்ட்' என்று ஒன்று இருக்கிறது. 'ஹஸார்ட் மிட்டிகேஷன் பிளான்' புதுப்பிக்கிறோம், கூட்டத்துக்கு வாருங்கள் என்று அவர்களிடமிருந்து அஞ்சலட்டை வந்திருக்கிறது. தீயை அணைப்பவர்களுக்கு இந்தத் திட்டம் எதற்கு? நாங்கள் போய் என்ன செய்ய? – ஒரு வாசகர், சான் ரமோன்

பதில்: கட்டாயம் போங்கள். உங்கள் பகுதித் தீயணைப்பு மாவட்டம் நகராட்சிக்கோ கவுண்டிக்கோ கீழ்ப்பட்டது அல்ல. தனி எல்லை, தனி வரவுசெலவு, நீங்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஐந்து இயக்குநர்கள் என்று தானே ஒரு சிறு அரசு. சொத்து வரியில் வரும் பங்குதான் அதன் பிழைப்பு. வாரியம் புதிதாகச் சிறப்பு வரி போட நினைத்தால் வாக்காளர்களிடம் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வாங்க வேண்டும். ஆகவே மலைச்சரிவில் புதர் வெட்டுவது, பழைய நிலையத்தை நிலநடுக்கம் தாங்கும்படி வலுப்படுத்துவது போன்ற பெரிய வேலைகளுக்கு வெளிப்பணம் தேட வேண்டியிருக்கிறது.

பேரிடர் வருமுன்பே அதன் சேதத்தைக் குறைக்கும் வேலைதான் 'மிட்டிகேஷன்', அதாவது தணிப்பு. வெளிப்பணத்துக்கான சாவிதான் இந்தத் தணிப்புத் திட்டம். 2000ஆம் ஆண்டின் பேரிடர் தணிப்புச் சட்டப்படி, ஃபீமா (கூட்டரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பு) ஒப்புதல் பெற்ற திட்டம் இல்லாத உள்ளூர் அமைப்புக்குத் தணிப்பு வேலைக்கான மானியம் கிடைக்காது. ஒப்புதல் ஐந்து ஆண்டுகள்தான் செல்லும். பல மாவட்டங்கள் கவுண்டியின் கூட்டுத் திட்டத்தில் ஓர் இணைப்பாகச் சேர்ந்துகொள்கின்றன. அப்படிச் சேர்ந்தாலும் தன் எல்லைக்கென்று தனி வேலைப் பட்டியல் இருக்க வேண்டும், வாரியம் தீர்மானம் போட்டு அதை ஏற்க வேண்டும்.

உங்கள் பள்ளத்தாக்கை எடுத்துக்கொண்டால் கலவேரஸ் நிலப்பிளவு, மவுண்ட் டியாப்லோவின் புல் சரிவுகள், மழையில் நழுவும் மேடுகள் மூன்றும் வரைபடத்தில் வந்துவிடும். ஒவ்வோர் ஆபத்துக்கும் எங்கே, எவ்வளவு கடுமையாக, இதுவரை எப்போதெல்லாம், இனி எவ்வளவு வாய்ப்பு என்று எழுதுவார்கள். அதன்மேல் பள்ளிகள், முதியோர் இல்லங்கள், தண்ணீர்த் தொட்டிகள், தீயணைப்பு நிலையங்கள் எல்லாவற்றையும் வைத்துப் பார்ப்பார்கள். நிலையத்தின் பெரிய வண்டிக் கதவை மட்டும் யோசியுங்கள். நிலம் ஆடும்போது அந்த அகலமான வாசலின் சட்டம் ஓரிரு அங்குலம் கோணினாலே கதவு சிக்கிக்கொள்ளும், வண்டி உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அதனால்தான் நில அதிர்வு நின்றதும் வண்டிகளை வெளியே எடுத்து நிறுத்துவதைப் பல இடங்களில் முதல் வேலையாக வைத்திருக்கிறார்கள். கதவுச் சட்டத்தை வலுப்படுத்துவது தணிப்பு வேலை. புது வண்டி வாங்குவது தணிப்பு ஆகாது, அது தீ வந்தபின் எதிர்கொள்வதற்கு. இந்த இரண்டையும் குழப்பி எழுதிய திட்டங்கள் மானிய மேசையில் திரும்பி வருகின்றன.

கூட்டத்தில் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. பழைய திட்டத்தின் வேலைப் பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் எதிரே பொறுப்பாளர், பணம் வரும் வழி, முடிக்கும் ஆண்டு மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். 'தொடர்கிறது' என்ற ஒரே சொல் இரண்டு திட்டங்களாக மாறாமல் இருந்தால் அந்த வேலை நடக்கவில்லை என்று பொருள். மக்கள் கருத்தைக் கேட்பது விதிப்படி கட்டாயம். வரைவு எழுதும்போதும் கேட்க வேண்டும், ஒப்புதலுக்கு முன்பும் கேட்க வேண்டும். உங்கள் தெருவில் ஒரே ஒரு வெளியேறும் வழிதான் இருக்கிறது என்பதைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடையாது.

கேள்வி: எங்கள் பகுதிக்கு மேலே உள்ள சரிவில் புதர் வெட்ட மானியம் கிடைத்துவிட்டது என்று அறிவித்தார்கள். ஓராண்டு கடந்தும் ஒரு கிளைகூட வெட்டப்படவில்லை. சோம்பேறித்தனமா? – ஒரு வாசகி, டான்வில்

பதில்: பெரும்பாலும் இல்லை. கூட்டரசுப் பணத்துக்குச் சுற்றுச்சூழல் ஆய்வும் தொல்லியல் ஆய்வும் முடிந்து அனுமதி வர வேண்டும். அதற்கு முன் ஒரு மரத்தை வெட்டினாலும் மொத்த மானியமும் போகலாம். அனுமதி வந்தபின் பறவைகள் கூடு கட்டும் காலம், ஏறக்குறைய பிப்ரவரி முதல் ஆகஸ்ட் வரை, குறுக்கே நிற்கும். கோடையில் காற்றும் வறட்சியும் கூடிய 'ரெட் ஃப்ளாக்' நாள்களில் இயந்திரம் ஓட்ட முடியாது. மிச்சம் இருப்பது சில மாதங்கள், அதிலும் மழை வரும்.

பணத்தின் நடையும் மெதுவானதுதான். வழக்கமாக ஃபீமா 75 விழுக்காடு, உள்ளூர் 25 விழுக்காடு. பத்து லட்சம் டாலர் வேலை என்றால் இரண்டரை லட்சம் உள்ளூரிலிருந்து வர வேண்டும். அதோடு, முதலில் மாவட்டம் தன் கையிலிருந்து செலவழித்து, பில் காட்டித்தான் திரும்பப் பெற முடியும். சிறிய மாவட்டங்கள் இங்கேதான் மூச்சுத் திணறுகின்றன. மானியமே நிலையானதும் அல்ல. 2025 ஏப்ரலில் 'பிரிக்' என்ற மானியத் திட்டத்தை நிறுத்துவதாக ஃபீமா அறிவித்தது, மாநிலங்கள் நீதிமன்றம் போயின.

இதைவிடப் பெரிய சிக்கல் வெட்டி முடித்த பிறகு வருகிறது. தீ பரவாமலிருக்கச் சரிவில் தடுப்புப் பட்டை போடும்போது பெரிய மரங்களை நிழலுக்காக விட்டுவிட்டு, அடியில் உள்ள புதரை எடுத்து, கீழ்க்கிளைகளைக் கழிப்பார்கள். நிழல் இருந்தால் மண் ஈரம் காக்கும், கீழே செடி மெதுவாகத்தான் முளைக்கும். நிழல் தர மரமே இல்லாத சப்பரல் (அடர்ந்த புதர்க்காடு) சரிவை மொட்டையடித்தால் அடுத்த மழைக்கே காட்டு ஓட்ஸும் அந்நியப் புற்களும் வந்து நிறையும். மே மாதத்துக்குள் அவை காய்ந்து, முன்பு இருந்த புதரைவிட எளிதில் பற்றும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஆடு மேய்த்தோ வெட்டியோ பராமரிக்கப் பணம் ஒதுக்காத பட்டை வரைபடத்தில் மட்டும்தான் இருக்கும். மானியம் முதல் வெட்டுக்குத்தான் கிடைக்கும். ஐந்தாம் ஆண்டுக்கு யார் பணம் தருவது என்று இப்போதே கேட்டுவையுங்கள்.

கேள்வி: வீட்டைச் சுற்றி ஐந்தடிக்குள் எதுவும் இருக்கக் கூடாது என்று ஆய்வாளர் சொல்லிவிட்டுப் போனார். வாசலில் துளசி, சுவரோரம் கறிவேப்பிலைத் தொட்டிகள், மல்லிகைக் கொடி எல்லாம் வைத்திருக்கிறேன். அத்தனையும் எடுக்க வேண்டுமா? – ஒரு வாசகி, ஆலமோ

பதில்: ஆய்வாளர் சொன்ன அந்த ஐந்தடிப் பகுதிக்குப் பெயர் 'ஜோன் ஜீரோ'. 2020இல் இதற்கான சட்டம் நிறைவேறியது, விவர விதிகளை எழுதி முடிப்பதில்தான் இழுபறி. விதிக்காகக் காத்திருக்க வேண்டாம். பல வீடுகள் எரிவது சுவர் போல வரும் நெருப்பால் அல்ல. காற்றில் ஒரு மைலுக்கும் மேல் பறந்து வரும் கங்குகளால். கங்கு எங்கே விழுந்து தங்குகிறதோ அங்கே பற்றுகிறது. அந்தக் கண்ணோடு உங்கள் வீட்டை ஒருமுறை சுற்றி வாருங்கள்.

முதலில் மல்லிகை. மரச்சட்டத்தில் ஏறிச் சுவரை ஒட்டி நிற்கும் கொடிக்கு வெளியே பச்சை, உள்ளே சுவர்ப் பக்கம் காய்ந்த சருகு. கையை உள்ளே விட்டுப் பாருங்கள், பிடிப்பிடியாக வரும். அதைச் சுவரிலிருந்து விலக்கி ஐந்தடிக்கு வெளியே நடுங்கள். கறிவேப்பிலையும் துளசியும் தொட்டியில் இருப்பதால் நகர்த்தலாம். ஜன்னலுக்கு அடியில் மட்டும் வைக்காதீர்கள், பிளாஸ்டிக் தொட்டியை மண் தொட்டியாக மாற்றுங்கள், உதிரும் இலையைப் பெருக்குங்கள். வாசலில் தேங்காய் நார் மிதியடி இருந்தால் எடுத்துவிடுங்கள், கங்கு விழுந்தால் புகைந்து புகைந்து கதவடியில் பிடிக்கும். பண்டிகைக்குக் கட்டிய மாவிலைத் தோரணம் காய்ந்ததும் அவிழ்த்துவிடுங்கள். மரப்பட்டைத் தூளுக்குப் பதில் சரளைக்கல். வீட்டைத் தொடும் மரவேலியின் கடைசி ஐந்தடியை உலோகமாக்குங்கள். வேலி எரிந்தால் நெருப்பு அதன் வழியே நேரே சுவருக்கு வரும்.

செடியைவிட முக்கியமானது காற்றுத்துளை. பழைய வீடுகளில் பரண், தரையடித் துளைகளின் வலை கால் அங்குலக் கண் கொண்டது, கங்கு தாராளமாக நுழையும். எட்டில் ஒரு பங்கு அங்குலமோ அதைவிடச் சிறிதோ கண் கொண்ட உலோக வலை போடுங்கள். ஃபைபர், பிளாஸ்டிக் வலை உருகிவிடும். கண் சிறிதாக இருந்தால் தூசி அடைக்கும், ஆண்டுக்கு ஒருமுறை துடைக்க வேண்டும். கூரை வாய்க்காலில் சருகு தங்கவிடாதீர்கள்.

இதற்கு அப்பால் 30 அடி வரை காய்ந்தது எதுவும் வேண்டாம். விறகு அடுக்கு அந்த 30 அடிக்கு வெளியே. 100 அடி வரை புல் நான்கு அங்குலத்துக்கு மேல் வளரக் கூடாது. மரத்தின் கீழ்க்கிளை தரையிலிருந்து ஆறடி மேலே இருக்கட்டும். அடியில் புதர் இருந்தால் இடைவெளி புதரின் உயரத்தைப் போல மூன்று மடங்கு. சமதளத்தில் மரங்களுக்கிடையே 10 அடி போதும். 40 விழுக்காட்டுக்கு மேற்பட்ட சரிவில் 30 அடி, ஏனென்றால் நெருப்பு மேல்நோக்கி வேகமாக ஏறும். காய்ந்த புல்லைக் காலை பத்து மணிக்கு முன்பு, காற்றில்லாத நாளில் வெட்டுங்கள். உலோகத் தகடு கல்லில் பட்டுத் தெறிக்கும் பொறி போதும், சரிவு முழுதும் பற்றிவிடும்.

கேள்வி: 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸின் பாலிசேட்ஸ் பகுதியில் காட்டுத்தீயின்போது ஹைட்ரன்ட் (தெருவோரத் தீயணைப்புக் குழாய்) வறண்டது என்று படித்தோம். எங்கள் நீச்சல்குளத் தண்ணீரை வைத்து நாங்களே வீட்டைக் காப்பாற்றிக்கொள்ள முடியாதா? – ஒரு வாசகர், ஒரிண்டா

பதில்: முடியாது, முயலவும் வேண்டாம். தெருக் குழாய் ஒன்றிரண்டு வீடு எரிவதற்கான கணக்கில் போடப்பட்டது. வீடுகள் எரிந்து விழும்போது உள்ளே குழாய்கள் உடைந்து தண்ணீர் தானாகக் கொட்டும். முக்கால் அங்குல மீட்டர் வழியே நிமிடத்துக்கு 30 காலன் வரை போகும். நூறு வீடு என்றால் 3,000 காலன், மூன்று தீயணைப்பு வண்டி இழுக்கும் அளவு, யாருக்கும் பயனில்லாமல். பாலிசேட்ஸில் மலை மேலிருந்த தலா பத்து லட்சம் காலன் தொட்டிகள் மூன்றும் தீர்ந்துபோயின. மின்சாரம் போனால் உங்கள் குளத்துப் பம்பும் நின்றுவிடும். வெளியேறும்போது தோட்டத் தெளிப்பான்களைத் திறந்துவிட்டுப் போகாதீர்கள், அண்டை வீட்டுக்காரருக்கு வேண்டிய அழுத்தத்தை அது குடிக்கும். குளம் இருக்கிறது என்று வெளியே தெரியும்படி எழுதி வையுங்கள், பக்கவாட்டுக் கதவைப் பூட்டாமல் போங்கள். 20,000 காலன் ஒரு தீயணைப்புக் குழுவுக்குப் பெரிய உதவி.

கேள்வி: தீ அணைந்தபின் மழை வந்தால் நல்லதுதானே? எங்களை ஏன் மறுபடியும் வெளியேறச் சொல்கிறார்கள்? – ஒரு வாசகர், சான்டா பார்பரா

பதில்: உங்கள் பக்கத்து ஊர் மான்டெசிட்டோவில் நடந்ததை வைத்தே சொல்லலாம். அந்தத் தீயணைப்பு மாவட்டம் பல ஆண்டுகளாகச் சாலையோரப் புதரை எடுத்து, வீட்டுக்காரர்கள் வெட்டிப்போட்ட கிளைகளைத் தெருவிலேயே அரைத்து, சரிவில் தடுப்புப் பட்டைகள் போட்டு வைத்திருந்தது. 2017 டிசம்பரில் தாமஸ் தீ இறங்கியபோது வெளியிலிருந்து வந்த வண்டிகளும் நேரத்தில் நிறுத்தப்பட்டிருந்ததால் எரிந்த வீடுகள் ஏழோடு நின்றன. மூன்று வாரம் கழித்து, 2018 ஜனவரி 9 அதிகாலையில், எரிந்த மலைமேல் ஐந்தே நிமிடத்தில் அரை அங்குலத்துக்கு மேல் மழை கொட்டியது. சேறும் பாறையுமாக இறங்கி 23 பேர் இறந்தார்கள்.

எரிந்த மண்ணில் மெழுகுபோன்ற படலம் உருவாகித் தண்ணீரை உள்ளே விடாது. பிடித்து நிறுத்த வேரும் இலையும் இல்லை. ஆபத்து மொத்த மழையளவில் இல்லை, கொட்டும் வேகத்தில் இருக்கிறது. அரை மணியில் 0.3 அங்குலம் பெய்ததற்கே சேறு இறங்கியிருக்கிறது. முதல் இரண்டு மழைக்காலம் மிக மோசமானவை. தீக்காக வாரக்கணக்கில் வெளியே இருந்து அலுத்தவர்கள், 'வார்னிங்' (கிளம்பத் தயாராகு) அளவில் இருந்த பகுதிகளில் வீட்டிலேயே தங்கிவிட்டார்கள். அங்கே உயிர்கள் போயின. வெளியேறச் சொன்னால் போய்விடுங்கள்.

வழக்கமான வீட்டுக் காப்பீட்டில் சேற்றுவெள்ளம் வராது, வெள்ளக் காப்பீட்டில்தான் வரும். அது நடைமுறைக்கு வர வழக்கமாக 30 நாள் ஆகும். தீ அணைந்த வாரமே எடுங்கள்.

கேள்வி: ஊரிலிருந்து வந்த அப்பாவும் அம்மாவும் பகலில் தனியாக வீட்டில் இருக்கிறார்கள். ஆங்கிலம் பழக்கமில்லை. எச்சரிக்கை வந்தால் என்ன செய்வார்கள்? – ஒரு வாசகி, சான் ரமோன்

பதில்: கவுண்டி எச்சரிக்கைச் சேவையில் உங்கள் எண்ணோடு அவர்களுடைய உள்ளூர் எண்ணையும் பதியுங்கள். ஊர் சிம் மட்டும் இருந்தால் பதிவு செய்த எச்சரிக்கைகள் வராமல் போகலாம். ஓர் உள்ளூர் சிம் வாங்கிக்கொடுங்கள். 'எவாக்குவேஷன் வார்னிங்' என்றால் கிளம்பத் தயாராகு, முதியவர்கள் அப்போதே கிளம்பிவிட வேண்டும். 'ஆர்டர்' என்றால் இந்த நிமிடமே போ. இந்த இரண்டையும் உங்கள் வெளியேற்ற மண்டல எண்ணையும் தமிழில் எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டுங்கள். உங்களுக்கு முன் வந்து சேரக்கூடிய பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரை அவர்களுக்கு அறிமுகப்படுத்துங்கள்.

காராஜ் கதவைக் கையால் திறக்கக் கற்றுக்கொடுங்கள். மின்சாரம் போய்க் கதவு திறக்காமல் முதியவர்கள் சிக்கிய பிறகுதான், 2019 ஜூலை முதல் கலிஃபோர்னியாவில் விற்கும் கதவு மோட்டார்களுக்கு மின்கல இணைப்பு கட்டாயமானது. உங்களுடையது பழையதானால் மோட்டார்த் தண்டவாளத்திலிருந்து தொங்கும் சிவப்புக் கயிற்றை, கதவு முழுதும் மூடியிருக்கும்போது இழுத்துவிட்டு, பிறகு தூக்க வேண்டும். கதவு திறந்திருக்கும்போது இழுத்தால் தடாலென்று விழலாம். அம்மாவால் தூக்க முடியாத அளவு கனமாக இருந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, ஆள் வைத்துச் சரிசெய்யுங்கள். பாஸ்போர்ட், மருந்துச் சீட்டு, ஒரு வார மாத்திரை, கண்ணாடி ஆகியவற்றை ஒரு பையில் போட்டு வாசலருகே வையுங்கள்.

கேள்வி: புதிய தீ அபாய வரைபடத்தில் எங்கள் தெரு சிவப்பு. வீட்டைப் பாதுகாப்பாக்கினால் நிறம் மாறுமா? – ஒரு வாசகர், லாஃபயெட்

பதில்: மாறாது. அந்த வரைபடம் சரிவு, செடிகொடி, காற்று ஆகியவற்றை வைத்து அடுத்த 30 முதல் 50 ஆண்டுக்கான இயற்கை ஆபத்தைக் காட்டுகிறது. உங்கள் கூரையையோ காற்றுத்துளையையோ அது பார்ப்பதில்லை. ஆனால் காப்பீட்டுக் கட்டணம் குறையலாம். 2022 முதல் நடப்பிலுள்ள மாநில விதிப்படி, தீத்தடுப்பு வேலை செய்த வீட்டுக்கு நிறுவனங்கள் தள்ளுபடி தர வேண்டும். எட்டு வீடு சேர்ந்தாலே 'ஃபயர்வைஸ்' என்ற அக்கம்பக்கத் தீத்தடுப்புக் குழுவாகப் பதியலாம், அதற்கும் தள்ளுபடி உண்டு. வீட்டுக்கு ஆண்டுக்கு ஒரு மணி நேர உழைப்புக்கு ஈடான வேலையும், மூன்று ஆண்டு வேலைத் திட்டமும் கேட்பார்கள். முதல் மதிப்பீட்டுக்கு உங்கள் தீயணைப்பு மாவட்டத்தை அழையுங்கள்.