நேற்றைய மன்னா

கேள்வி: 19 வயதில் ஆலயத்தில் முதன்முதலாகத் திருவிருந்து, அதாவது இயேசுவின் நினைவாகத் தரும் அப்பம், வாங்கியபோது அழுதுவிட்டேன். இப்போது 40 தாண்டிவிட்டது. அப்பத்தை வாங்குகிறேன், விழுங்குகிறேன், இடத்துக்கு வந்து உட்காருகிறேன். மனதில் ஒன்றும் அசைவதில்லை. ஆண்டவர் ஏன் இவ்வளவு சாதாரணமான அப்பத்தைத் தேர்ந்தெடுத்தார்? உணர்வில்லாமல் வாங்குவதற்குக் கொஞ்ச நாள் நிறுத்திவிடட்டுமா? முன் வரிசையில்தான் என் அக்கா உட்காருகிறாள். சொத்துத் தகராறில் பேச்சு நின்று 2 வருடம் ஆகிறது. அதனாலும் ஆலயத்துக்குப் போகவே சலிப்பாக இருக்கிறது.
- ஒரு வாசகி

பதில்: அன்புச் சகோதரி, நிறுத்தாதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

அப்பம் சாதாரணமானது என்பதால்தான் அவர் அதை எடுத்தார் என்று நான் நம்புகிறேன். 'ஜீவ அப்பம் நானே' என்றவர் பிறந்த பெத்லகேமுக்கு எபிரெயத்தில் 'அப்பத்தின் வீடு' என்று பொருள். அவர் சொல்லிக்கொடுத்த ஜெபத்தில் நாம் கேட்பதும் அன்றன்றைக்குத் தேவையான ஆகாரத்தைத்தான்.

வேதாகமத்தில் யாத்திராகமம் 16-ஆம் அதிகாரத்தை ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குக் கடவுள் தந்த ஆகாரம்தான் மன்னா. பனி விலகியதும் தரையில் உறைபனிபோலப் பொடிப்பொடியாகக் கிடக்கிறது மன்னா. கொத்துமல்லி விதையளவு, வெள்ளை நிறம். அன்றைக்கு வேண்டியதை அன்றைக்கே பொறுக்க வேண்டும். சிலர் மறுநாளுக்கு எடுத்து வைத்தார்கள், புழுத்து நாறியது. ஓய்வுநாளுக்கு முந்தின நாள் சேர்த்தது மட்டும் கெடவில்லை. 19 வயதில் வந்த அந்தக் கண்ணீர் அன்றைய மன்னா, சகோதரி. அது உங்களைப் போஷித்தது. ஆனால் இருபது வருடமாக அதையே திரும்பத் தின்னப் பார்க்கிறீர்களோ என்று தோன்றுகிறது. அதே அதிகாரத்தில் இன்னொன்றும் இருக்கிறது: ஒரு ஓமர் அளவு மன்னாவைப் பாத்திரத்தில் எடுத்து வைக்கச் சொல்கிறார் கடவுள். பின்வரும் தலைமுறைகள் பார்ப்பதற்காக; தின்பதற்காக அல்ல. உங்கள் கண்ணீரையும் அப்படி வைத்துக்கொள்ளுங்கள்.

உணர்வு இல்லை என்கிறீர்கள். இயேசு உயிர்த்தெழுந்த அன்று எம்மாவு என்ற ஊருக்கு நடந்துபோன இரண்டு சீஷர்களும் வழி முழுக்க அவரோடு பேசிக்கொண்டே போயும் அவரை அடையாளம் காணவில்லை. அவர் அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தபோதுதான் கண் திறந்தது. வழியில் தங்கள் நெஞ்சு கொழுந்துவிட்டு எரிந்ததை அதற்கு அப்புறம்தான் அவர்களே உணர்ந்தார்கள்!

அப்பத்தில் கிறிஸ்து எப்படி இருக்கிறார் என்பதில் சபைகள் ஒத்துப்போகவில்லை. 1529-இல் ஜெர்மனியின் மார்பர்க்கில் சபைச் சீர்திருத்தத் தலைவர்களான லூத்தரும் ஸ்விங்கிளியும் 14 விஷயங்களில் உடன்பட்டும் இந்த ஒன்றில் பிரிந்தார்கள். அந்த விவாதத்தை இங்கே தொடரவில்லை. எனக்கு உங்கள் அக்காதான் பெரிய விஷயமாகப் படுகிறார்.

ஏனென்றால், கொரிந்து சபையார் அப்பம் வாங்கிய விதத்தை அப்போஸ்தலர் பவுல் கண்டித்தபோது, உங்களுக்கு உணர்வு இல்லை என்று அவர் சொல்லவில்லை. சிலர் முந்திச் சாப்பிட, சிலர் பசியோடு இருந்தார்கள். அதுதான் அவர் கோபம். மலைகளின்மேல் சிதறிக் கிடந்தது சேர்ந்து ஒரே அப்பமானதுபோல உம்முடைய சபையும் சேரட்டும் என்று ஆதிச் சபையின் ஜெபம் ஒன்று கேட்கிறது. கோதுமை அரைபட்டு, தண்ணீரில் பிசைந்து, நெருப்பில் வெந்த பிறகு எந்த மணி எந்த வயலிலிருந்து வந்தது என்று யார் பிரிக்க முடியும்? அடுத்த முறை அப்பத்தை வாங்கியதும் பிட்ட ஓரத்தைப் பாருங்கள். கரடுமுரடாக இருக்கும். மீதிப் பாதி இன்னொருவர் கையில் இருக்கிறது. அது உங்கள் அக்காவின் கையாகவும் இருக்கலாம்.

காணிக்கையைப் பீடத்தின்முன் வைத்துவிட்டுப் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்ற இயேசு, பின்பு வந்து செலுத்து என்றும் சொன்னார். விலகியிருக்கச் சொல்லவில்லை. சொத்து விவகாரத்தைத் தனியே பேசித் தீர்த்துக்கொள்ளலாம்; அதில் உங்களுக்கு நியாயமும் இருக்கலாம். வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் முன் வரிசைக்குப் போய், "அக்கா, வீட்டுக்குச் சாப்பிட வாயேன்" என்று மட்டும் கேளுங்கள். வரமாட்டேன் என்றாலும் சரி, அடுத்த முறை அப்பத்துக்குக் கை நீட்டுங்கள்.