விளம்பரப் பணம் எங்கே போகிறது? வாசகர் கேள்வி – பதில்

சுங்குடிச் சேலைக் கடை நடத்துகிறோம். இன்ஸ்டாகிராமில் மாதம் 3,000 ரூபாய்க்கு பூஸ்ட் போடுகிறோம். 40,000 பேர் பார்த்ததாகக் காட்டுகிறது, லைக்கும் விழுகிறது. ஆர்டர்தான் வரவில்லை. எங்கே தவறு?
– வாசகி, சின்னாளப்பட்டி

பதிவைக் காசு கொடுத்துப் பரப்பும் பூஸ்ட் பட்டனை அழுத்தியதும் எதற்காக இந்த விளம்பரம் என்று கேட்கும். அங்கே ‘புரொஃபைல் விசிட்’ என்று விட்டிருப்பீர்கள். இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், வாட்ஸ்அப் மூன்றையும் நடத்தும் மெட்டாவின் கணினி சொன்னதைச் செய்கிறது: புரொஃபைலைத் தட்டிப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்களாகத் தேடிப்பிடித்துக் காட்டுகிறது. விலை கேட்டு வாங்குகிறவர்கள் வேறு கூட்டம்.

போனை வைத்துவிட்டு, கணினியில் மெட்டாவின் விளம்பரப் பக்கமான ஆட்ஸ் மேனேஜருக்குப் போங்கள். ஃபேஸ்புக் பேஜ், இன்ஸ்டாகிராம் கணக்கு, வாட்ஸ்அப் பிசினஸ் எண் மூன்றும் முதலில் இணைந்திருக்க வேண்டும். புது கேம்பெயினில் (விளம்பரத் திட்டத்தில்) நோக்கம் ‘என்கேஜ்மென்ட்’, இடம் ‘மெசேஜிங் ஆப்ஸ்’, அதில் வாட்ஸ்அப் மட்டும், இலக்கு அதிகபட்ச உரையாடல்கள். இதே பணம் இனி விசாரிக்கிறவர்களைத் தேடும்.

அடுத்தது பட்ஜெட் கணக்கு. ஓர் ஆட் செட் (ஒரே வகை ஆட்களுக்குக் காட்டும் விளம்பரத் தொகுப்பு) ‘லேர்னிங்’ கட்டத்தை, அதாவது யாருக்குக் காட்டலாம் என்று கணினி கற்கும் கட்டத்தை, தாண்ட 7 நாளில் சுமார் 50 பலன்கள் (இங்கே விசாரணைகள்) வேண்டும் என்பது மெட்டாவே சொல்லும் அளவு. ஒரு விசாரணைக்கு 40 ரூபாய் ஆகிறது என்று வையுங்கள். 50 விசாரணைக்கு 2,000 ரூபாய். மாதம் 3,000 என்றால் தினம் 100. வாரத்துக்கு 17, 18 விசாரணைதான் தேறும், லேர்னிங் முடியவே முடியாது. அதனால் மாதம் முழுக்க இழுக்காமல் தினம் 300 வீதம் 10 நாள் ஓட்டுங்கள். ஒரு கேம்பெயின், ஒரே ஆட் செட், அதற்குள் மூன்று நான்கு படம் அல்லது வீடியோ போதும். மதுரைக்கு ஒன்று, சென்னைக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என்று ஆட் செட்டைப் பிரித்தால் இருக்கிற கொஞ்சப் பணமும் சிதறும். ஓடத் தொடங்கிய பிறகு படத்தை மாற்றுவது, வயதை மாற்றுவது, பட்ஜெட்டை ஒரேயடியாக ஏற்றுவது கூடாது. ஒவ்வொரு பெரிய மாற்றத்துக்கும் லேர்னிங் முதலிலிருந்து தொடங்கும்.

“சேலையில் ஆர்வம் உள்ளவர்கள்” என்று ஆளைப் பொறுக்கி எடுக்கும் வேலைக்கு முன்பிருந்த பலன் இப்போது இல்லை. இன்னின்ன ஆர்வம் உள்ளவர்களை விலக்கு என்று சொல்லும் வசதியையும் மெட்டா 2025 தொடக்கத்தோடு எடுத்துவிட்டது. இனி ஆளைப் பிரிப்பது விளம்பரப் படமே. “சுங்குடி, 5.5 மீட்டர், ரவிக்கைத் துணி இல்லை, 1,150 ரூபாய், கூரியர் தனி” என்று படத்தின் மேலேயே எழுதிவிடுங்கள். விசாரணை எண்ணிக்கை குறையும், குறையட்டும். விலை தெரிந்து வருகிறவரிடம் பேசும் நேரம்தான் வியாபாரம்.

பணம் கழியும் இடங்கள் இன்னும் இரண்டு உண்டு. விளம்பரத்துக்கு 18% ஜிஎஸ்டி; கடைக்கு ஜிஎஸ்டி பதிவு இருந்தால் அந்த எண்ணை விளம்பரக் கணக்கின் பில்லிங் பகுதியில் கொடுத்து, உள்ளீட்டு வரியாக (நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்து) எடுத்துக்கொள்ளலாம். ஐபோனில் இன்ஸ்டாகிராம் ஆப் வழியாக பூஸ்ட் வாங்கினால் ஆப்பிளின் 30% சேவைக் கட்டணமும் சேரும். 2024-ல் மெட்டா அறிவித்த ஏற்பாடு இது. அதே பூஸ்ட்டை ப்ரவுசரில் போட்டால் அந்த 30% இல்லை.

ஒரு நோட்டில் தினமும் நான்கு கட்டம் போடுங்கள்: செலவு, விசாரணை, ஆர்டர், வந்த பணம். சேலைக்கு 250 ரூபாய் லாபம் நிற்கிறது, ஓர் ஆர்டருக்கு விளம்பரச் செலவு 300 என்றால், ரீச் (பார்த்தவர் எண்ணிக்கை) எத்தனை லட்சம் காட்டினாலும் நிறுத்திவிடலாம்.

பல் மருத்துவமனைக்கு கூகுள் விளம்பரம் கொடுத்தோம். கோவை மட்டும் என்று குறித்தும் வேறு மாநிலத்திலிருந்து அழைப்பு வருகிறது. வேலை கேட்டும் கூப்பிடுகிறார்கள். ஒரு நாள் 500 என்று வைத்தால் 900 போகிறது. ஏமாற்றா?
– வாசகர், கோயம்புத்தூர்

ஏமாற்று இல்லை. கூகுள் முன்கூட்டியே டிக் செய்து வைத்திருக்கும் பெட்டிகளை அப்படியே விட்டதன் விளைவு. அந்தப் பெட்டிகள் செலவு பெருகும் விதத்தில்தான் வைக்கப்பட்டிருக்கின்றன.

முதல் பெட்டி, ஊர். ‘லொகேஷன் ஆப்ஷன்ஸ்’ என்பதைத் திறந்தால் ‘பிரசென்ஸ் ஆர் இன்ட்ரஸ்ட்’ என்று இருக்கும். கோவையில் இருப்பவர்களோடு, எங்கோ இருந்துகொண்டு கோவையைப் பற்றித் தேடுகிறவர்களுக்கும் காட்டு என்று அர்த்தம். அதை ‘பிரசென்ஸ்’ என்று மாற்றுங்கள். ஊர்ப் பெயருக்குப் பதில் மருத்துவமனையைச் சுற்றி 8 அல்லது 10 கிலோமீட்டர் வட்டம் போடுவது இன்னும் நல்லது. பல் வலிக்கு யாரும் 40 கிலோமீட்டர் வருவதில்லை.

இரண்டாவது பெட்டி, ‘நெட்வொர்க்ஸ்’. தேடல் விளம்பரம் என்று தொடங்கினாலும் ‘டிஸ்பிளே நெட்வொர்க்’ (மற்ற இணையதளங்கள், ஆப்கள்), ‘சர்ச் பார்ட்னர்ஸ்’ (கூகுளோடு சேர்ந்த பிற தேடல் தளங்கள்) இரண்டும் டிக் ஆகியிருக்கும். இரண்டையும் எடுத்துவிடுங்கள்.

மூன்றாவதுதான் பெரிய ஓட்டை. கீவேர்டை (எந்தத் தேடலுக்கு விளம்பரம் வர வேண்டும் என்று நீங்கள் தரும் சொல்லை) சும்மா எழுதினால் அது ‘பிராட் மேட்ச்’. ரூட் கெனால் என்று எழுதினால் பல் மருத்துவப் படிப்பு, பல் பவுடர், கிளினிக் வேலை என்று கூகுள் தொடர்புடையதாக நினைக்கும் எல்லாவற்றுக்கும் விளம்பரம் போகலாம். மேற்கோள் குறிக்குள் எழுதினால் ‘ஃப்ரேஸ் மேட்ச்’ (அந்தப் பொருள் அடங்கிய தேடல்கள்), சதுர அடைப்புக்குள் எழுதினால் ‘எக்ஸாக்ட் மேட்ச்’ (அதே பொருளுள்ள தேடல் மட்டும்). சின்ன பட்ஜெட்டுக்கு இவை இரண்டும் போதும். வாரம் ஒருமுறை ‘சர்ச் டேர்ம்ஸ்’ அறிக்கையைத் திறந்து, ஜனங்கள் உண்மையில் தட்டிய சொற்களைப் படியுங்கள். வேலை, சம்பளம், காலேஜ், ஃப்ரீ, படம், அரசு மருத்துவமனை போன்றவற்றை விளம்பரம் வரக்கூடாத சொற்களாக, அதாவது நெகட்டிவ் கீவேர்டாகச் சேருங்கள். ஒரே சொல்லைத் தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் தட்டுவார்கள், இரண்டு வடிவத்தையும் சேர்க்க வேண்டும். நெகட்டிவில் எழுத்துப் பிழை வடிவங்களைக் கூகுள் தானாகப் பிடித்துக்கொள்ளும். ஒருமை, பன்மை, அதே பொருளுள்ள வேறு சொல் ஆகியவற்றைப் பிடிக்காது. ‘ஜாப்’ போட்டால் ‘ஜாப்ஸ்’ தப்பித்துவிடும், தனியே எழுதுங்கள்.

500-க்கு 900 போவது விதிப்படிதான். ஒரு நாளில் பட்ஜெட்டைப் போல இரு மடங்குவரை செலவாகலாம், மாதத்துக்கு 30.4 மடங்குக்கு மேல் வசூலிக்க மாட்டார்கள். உங்கள் 500-க்கு மாத உச்சம் 15,200. முன்பணம் கட்டும் கணக்கில் வரியும் அதிலிருந்தே கழியும்: 1,000 ரூபாய் போட்டால் விளம்பரத்துக்கு நிற்பது 847 ரூபாய் 46 காசு.

யூடியூப் ஷார்ட்ஸில் பார்வை எண்ணிக்கை திடீரென்று எகிறியது. வருமானம் அசையவில்லை. ஏன்?
– வாசகர், தஞ்சாவூர்

2025 மார்ச் 31 முதல் ஷார்ட்ஸ் ஓடத் தொடங்கினாலே அது ஒரு பார்வை. முன்புபோல் சில நொடியாவது பார்த்திருக்க வேண்டும் என்ற கணக்கு இல்லை. பழைய கணக்கு ‘என்கேஜ்ட் வியூஸ்’ என்ற பெயரில் அனலிட்டிக்ஸின் விரிவான பக்கத்தில் இருக்கிறது, வருமானமும் அதை வைத்துத்தான். விளம்பரதாரரிடம் ரேட் பேசும்போது 2024 எண்ணையும் இன்றைய எண்ணையும் அருகருகே வைக்காதீர்கள். அந்த ஒப்பீடு செல்லாது.

ஒரு ஏஜென்ட் ஒரு லட்சம் எண்களுக்கு வாட்ஸ்அப் அனுப்பும் சாஃப்ட்வேர் 4,000 ரூபாய் என்கிறார். வாங்கலாமா?
– வாசகர், ஈரோடு

வேண்டவே வேண்டாம். அது வாட்ஸ்அப் வெப்பைத் தானியங்கியாக இயக்கும் வேலை, வாட்ஸ்அப் விதிக்கு விரோதம். நாலு பேர் ‘ரிப்போர்ட்’ தட்டினால் எண் முடங்கலாம். பல வருடமாக வாடிக்கையாளர்கள் கையில் இருக்கும் எண் அது. 4,000 ரூபாய் போவதைவிட அந்த எண் போவதுதான் நஷ்டம்.

நேர்வழி இரண்டு. சில நூறு வாடிக்கையாளர் என்றால் வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பின் பிராட்காஸ்ட் லிஸ்ட் போதும். ஒரு லிஸ்ட்டில் 256 பேர். உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும். அதனால் பில் போடும்போதே “எங்கள் எண்ணை சேவ் பண்ணிக்கொள்ளுங்கள்” என்று கேட்டு வாங்குவது முக்கியம்.

அதற்கு மேல் என்றால் வாட்ஸ்அப்பின் அதிகாரபூர்வ ஏபிஐ (மென்பொருள் வழியாகச் செய்தி அனுப்பும் இணைப்பு). 2025 ஜூலை 1 முதல் போய்ச் சேர்ந்த டெம்ப்ளேட் (முன்கூட்டியே ஒப்புதல் பெற்ற செய்தி) ஒவ்வொன்றுக்கும் கட்டணம். வாடிக்கையாளர் எழுதினால் அடுத்த 24 மணி நேரத்துக்கு நீங்கள் தரும் சாதாரணப் பதில்களுக்குக் காசு இல்லை. பில், டெலிவரித் தகவல் போன்ற ‘யுடிலிட்டி’ டெம்ப்ளேட்டும் அந்த நேரத்துக்குள் இலவசம். விளம்பரம் வழியாக உள்ளே வந்தவருக்கு இந்த இலவசக் கதவு 72 மணி நேரம் திறந்திருக்கும், 24 மணி நேரத்துக்குள் நீங்கள் பதில் சொல்லியிருந்தால். சில செய்திகள் 131049 என்ற பிழை எண்ணோடு திரும்பும். ஒருவருக்கு எல்லா நிறுவனமும் சேர்ந்து அனுப்பும் விளம்பரச் செய்திகளுக்கு மெட்டா வைத்திருக்கும் வரம்பு அது. உடனே திரும்பத் திரும்ப அனுப்பாமல் ஒரு நாள் பொறுங்கள்.

விலைக்கு வாங்கிய எண் பட்டியலைத் தொடாதீர்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது, விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதத்தில் அமலுக்கு வருகின்றன. எந்த எண்ணை, எப்போது, எதற்குச் சம்மதம் பெற்று வாங்கினோம் என்ற பதிவை இன்றே எழுதத் தொடங்குங்கள்.

இன்ஸ்டாகிராம் பிரபலம் ஒருவருக்குப் பணம் தராமல் பொருள் மட்டும் அனுப்பினோம். விளம்பரம் என்று போட வேண்டியதில்லை என்கிறாரே?
– வாசகி, சேலம்

போட்டே ஆக வேண்டும். இலவசப் பொருள், தள்ளுபடி, பயணம், தங்கல் எல்லாமே பிரதிபலன்தான் என்று 2023 ஜனவரியில் நுகர்வோர் விவகாரத் துறை தெளிவாகச் சொல்லியிருக்கிறது. தவறான விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை, திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை அபராதம் உண்டு. ‘தேங்க் யூ’ என்று கடைப் பெயரை டேக் செய்வது அறிவிப்பு ஆகாது. ஹேஷ்டேக் கூட்டத்துக்குள் ஒளித்து வைப்பதும் ஆகாது. விளம்பரத் தர கவுன்சிலான ஆஸ்கியின் கணக்குப்படி, எழுத்து விளக்கம் இல்லாத வீடியோ 15 நொடிக்குள் என்றால் லேபிள் 3 நொடியாவது, 2 நிமிடத்துக்குள் என்றால் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு நேரம் தெரிய வேண்டும்.

அந்தப் பொருளை அவர் வைத்துக்கொண்டு, ஆண்டு மதிப்பு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10% டிடிஎஸ்ஸும் (மூலத்திலேயே பிடித்துக் கட்டும் வருமான வரி) உங்கள் பொறுப்பு. தனிநபர் வியாபாரமாக இருந்து முந்தைய ஆண்டு விற்றுமுதல் ஒரு கோடிக்குள் என்றால் இந்தப் பிடித்தம் கிடையாது.