தொடர்கதை எழுதுபவர் ஏன் பாதியில் நிறுத்துகிறார்?

"நான்கு மாதமாக அடுத்த பாகம் வரவில்லை, எழுத்தாளருக்குச் சோம்பலா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் உடம்புதான் காரணம். காட்பாடியில் என் பெரியப்பா ஆபீஸ் முடிந்து வந்து, இரவு ஒரு மணி வரை தொடர் எழுதுவார். மணிக்கட்டு வீங்கியும், நல்லெண்ணெய் தடவித் துணியைச் சுற்றிக்கொண்டு எழுதினார். கடைசியில் பேனாவையே பிடிக்க முடியவில்லை. கை ஒரு மாதத்தில் சரியாகிவிட்டது. ஆனால் கதையை விட்ட இடத்தில் பிடிக்க மூன்று மாதம் ஆனது. யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்று பழைய அத்தியாயங்களை முதலிலிருந்து படித்தார். வாசகர் கண்ணுக்குத் தெரியாத தாமதம் இதுதான். பத்திரிகையையும் தொடர்களையும் சேர்த்துச் சுமந்த கல்கி 1954-இல், 55 வயதில் மறைந்தபோது 'அமரதாரா' பாதியில் நின்றது. அப்புறம் மகள் ஆனந்திதான் முடித்தார். நம் வட ஆற்காட்டு மு.வ.வும் இளமையில் உடல்நலம் கெட்டு எழுத்தர் வேலையை விட்டவர்தான். நான்கு மாதம் அதிகமில்லை, காத்திருங்கள்.